கொல்லைப்புறத் தடுப்புச் சுவர்: சிக்கனம் எதில், செலவு எதில்?

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது நம் முன்னோர் மொழி. வீட்டைக் கட்டி முடித்தவர் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் கடன்தான். ஆதலால் முகப்புக்குப் பூச்சும் வண்ணமும் கிடைக்கின்றன. கொல்லைப்புறத்துக்கோ மிச்சமான செங்கல்லும் மிச்சமான சிமெண்டுமே கிடைக்கின்றன. அந்த மிச்சப் பொருளைக் கொண்டு எழுப்பும் சுவர் வெறும் எல்லைச் சுவராக இருந்தால் பெருந் தீங்கில்லை. மண்ணைத் தாங்கி நிற்க வேண்டிய சுவராக இருந்துவிட்டால், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மலைநாட்டுக்கு வேண்டிய தடுப்புச் சுவர் உத்திரமேரூர் போன்ற சமவெளிக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் ஊர்கள் ஏரியையும் குளத்தையும் வாய்க்காலையும் அண்டி அமைந்தவை. வீட்டுக்குப் பின்னால் நாலடிப் பள்ளத்தில் வாய்க்கால் ஓடுகின்ற மனைகள் பல உள. 2015ஆம் ஆண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாவட்டம் கண்ட பெருவெள்ளத்தை மறக்காதவர்கள், மனையில் மண் கொட்டி உயர்த்தியே வீடு கட்டுகின்றனர். உயர்த்திய மண் சரியாமலிருக்க ஒரு சுவர் வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் அத்தகைய சுவர் ஒன்றைக் கண்டேன். நாலடி உயரம், ஒன்பது அங்குலக் கனம், நேர்த்தியான பூச்சு. “அழகாகக் கட்டியிருக்கிறீர்கள்” என்று வீட்டுக்காரரைப் பாராட்டிவிட்டும் வந்தேன். அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் காலையில் அச்சுவர் அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டகையின்மேல் விழுந்து கிடந்தது. ஒரு கறவைப் பசுவும் அதன் கன்றும் மாண்டன. கொட்டகைத் திண்ணையில் நாள்தோறும் படுக்கும் பெரியவர் அன்றிரவு உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பினார். நான் பாராட்டிய சுவர் அது. பார்க்க வேண்டியதைப் பார்க்கத் தெரியாமல் வந்தேனே என்னும் வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம்.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில் கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் நடந்ததை நாடே அறியும். பெருமழையில் ஏறக்குறைய 20 அடி உயரமுள்ள சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து, அதனை ஒட்டியிருந்த ஏழைகளின் வீடுகள்மீது விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். சுவர் விழுவது பெரும்பாலும் மழைநாளில்தான். அதிலும் இரவில் விழுந்தால் எழுந்து ஓடவும் வழியில்லை. எனவே தடுப்புச் சுவருக்கு எப்பொருளைத் தேர்வது என்பது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று.

மண் எவ்வளவு தள்ளுகிறது?

எல்லைச் சுவர் தன் எடையைத் தாங்கினால் போதும். தடுப்புச் சுவரோ பின்னாலுள்ள மண்ணின் தள்ளுதலையும் தாங்க வேண்டும். நாலடி உயரத்துக்கு மண் நிறைந்திருந்தால், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் அம்மண் ஏறக்குறைய 130 கிலோ வலிவுடன் தள்ளுகிறது. மழைநீர் வெளியேற வழியின்றி மண்ணுக்குள் முழுவதும் தேங்கிவிட்டால், மண்ணும் நீருமாகச் சேர்ந்து தள்ளும் வலிவு 300 கிலோ அளவுக்கு உயர்கிறது. அதாவது, மண்ணைவிட நீரே சுவருக்குப் பெரும் பகை.

உயரத்தைப் பற்றிய கணக்கு இன்னும் முக்கியமானது. சுவரின் உயரம் இரு மடங்கானால் மண்ணின் தள்ளுதல் நான்கு மடங்காகிறது. சுவரைக் கவிழ்க்கும் ஆற்றலோ எட்டு மடங்காகிறது. மூன்றடிச் சுவருக்குப் போதுமான கனம் ஆறடிக்கும் ஏறத்தாழப் போதும் என்று எண்ணுவது பெரும் பிழை.

நாலடி உயரமும் ஒன்பது அங்குலக் கனமும் உள்ள செங்கல் சுவர் அடிக்கு 160 கிலோ எடையே உள்ளது. உலர்ந்த மண் தள்ளும்போதே, கவிழாமல் நிற்க அதற்கு வேண்டிய ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அச்சுவரின் எடை தருகிறது. அவ்வாறாயின் கோடை முழுதும் அது எப்படி நிற்கிறது? காய்ந்த களிமண் தன் பிடிப்பினால் தானே நிற்கிறது. அது சுவரைத் தள்ளுவதில்லை. மழையில் ஊறியதும் அப்பிடிப்பு நெகிழ்ந்து, பாரம் முழுதும் ஒரே நாளில் சுவர்மேல் விழுகிறது. கோடையில் நின்ற சுவர் கார்த்திகையிலும் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை என்பது இதனால் விளங்கும்.

சுவர்தான் வேண்டுமா?

பொருளைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் என வழங்கப்பெறும் உத்திரமேரூர் ஏரியின் கரையைப் பாருங்கள். பல நூற்றாண்டுகளாக நீரைத் தாங்கும் ஏரிக்கரை செங்குத்தான சுவராக அமைக்கப்படவில்லை. இருபுறமும் சரிவாக அமைந்த மண்மேடு அது. சரிவான மண் விழுவதில்லை. கொல்லையில் இடம் தாராளமாக இருப்பவர்கள், ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம் வீதம் சரிவு விட்டு, அதில் வெட்டிவேரை வரிசையாக நட்டால் போதும். வெட்டிவேர் நம் நாட்டுப் புல். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேர்கீழாகப் பத்தடி வரையிலும் இறங்கி மண்ணைத் தைத்துப் பிடிக்கும். 1980களில் உலக வங்கியின் வேளாண் அறிஞர்கள் இந்தியாவிலிருந்தே இம்முறையை எடுத்து உலகெங்கும் பரப்பினர். வரிசையில் ஆறு அங்குலத்துக்கு ஒரு தூராக, ஆடி ஆவணியில் நட்டு நீரூற்றினால், வேர் ஓரளவேனும் பிடித்த பின் ஐப்பசி மழை வரும். நட்ட முதற் பருவத்தில் மட்டும் சரிவை வைக்கோல் கொண்டு மூடிக் காத்தல் நன்று.

இடம் குறைவாக உள்ளவர்கள், நாலடிச் சுவர் ஒன்றுக்கு மாறாக ஈரடிச் சுவர் இரண்டைப் படிபோல அமைக்கலாம். உயரம் பாதியானால் தள்ளுதல் கால் பங்கு. இரண்டு சுவருக்கும் சேர்த்துப் பாதிதான். ஆயினும் இரண்டுக்கும் இடையே நாலடியேனும் இடம் விட வேண்டும். இல்லையேல் மேற்சுவரின் பாரம் கீழ்ச்சுவர்மீது ஏறும். இடையிலுள்ள அந்நிலத்தில் கீரையும் கத்தரியும் பயிரிடலாம். ஆல், அரசு, புளி போன்ற மரங்கள் சுவருக்கு அருகில் முளைத்தாலும் பிடுங்கிவிட வேண்டும்.

எப்பொருள் தக்கது?

கருங்கல்: நம் மாவட்டத்துக்கு இதைவிடச் சிறந்த பொருள் இல்லை. பல்லாவரத்துக் கருங்கல்லில் செய்த கல்லறைக்கல் கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் அடக்கத்தின்மேல் இருக்கிறது. அவர் பெயராலேயே புவியியலார் அக்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டனர். இத்தகைய கல் கன அடிக்கு 75 கிலோ அளவு எடையுள்ளது. தடுப்புச் சுவர் தன் எடையால்தான் மண்ணை எதிர்த்து நிற்கிறது; ஆதலால் கனமான பொருளே நல்ல பொருள். செதுக்கிய கல் வேண்டியதில்லை, உடைகல்லே போதும். சுத்தியால் தட்டினால் கணீரென ஒலிப்பதாகவும், மேலே பொருக்குத் தட்டாததாகவும் பார்த்து வாங்குக. உருண்டைக் கல் உருளும். முனையும் தளமும் உள்ள கல்லே ஒன்றையொன்று பற்றும்.

கலவையின்றி அடுக்கிய கல்: மூன்றடிக்குட்பட்ட சுவருக்குச் சிமெண்டே தேவையில்லை. பெருங்கல்லை அடியிலிட்டு, இடுக்குகளைச் சக்கையால் இறுக்கி, மூட்டின்மேல் மூட்டு வாராமல் அடுக்க வேண்டும். இரண்டடிக்கு ஒன்றாகச் சுவரின் முழுக் கனத்துக்கும் நீண்டு செல்லும் கல் ஒன்றை வைக்க வேண்டும். இதில் நீர் தானே வடிந்துவிடும். இது மிகக் குறைந்த செலவினதாயினும், கல் அடுக்கத் தெரிந்த கைகள் வேண்டும்.

சூளைச் செங்கல்: இரண்டடி உயரத்துக்குட்பட்ட சுவருக்கு மட்டும், அதுவும் அடியில் 13½ அங்குலக் கனம் வைத்துப் பயன்படுத்தலாம். இரு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழலாகாது. மூன்றடி உயரத்திலிருந்து தரையில் விட்டால் உடையலாகாது. ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து நிறுத்தால், எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடலாகாது. வேகாத செங்கல் எப்போதும் ஈரமாக உள்ள மண்ணை ஒட்டியிருந்தால் சில ஆண்டுகளிலேயே பொடிந்துவிடும்.

ஹாலோ பிளாக்: விலை குறைவு, வேலை விரைவு என்று பலர் இதை நாடுகின்றனர். உள்ளீடற்ற கல் எடை குறைந்தது. எனவே தடுப்புச் சுவருக்கு அது தனியே பயன்படாது. துளைகளில் இரும்புக் கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்பினால் பயன்படும். அப்போது அதன் விலைக் குறைவு மறைந்துவிடும்.

கம்பிவலைக் கூடை: துத்தநாகம் பூசிய கம்பிவலையில் கற்களை அடுக்கிக் கட்டும் முறை இது. ஆற்றங்கரைகளில் இதனைக் கண்டிருப்பீர்கள். வாய்க்காலை ஒட்டிய, இளகிய நிலத்துக்கு இது ஏற்றது. நிலம் சற்றே அமிழ்ந்தாலும் கூடை வளைந்து கொடுக்கும். நீரும் தடையின்றி வடியும். கடையில் கிடைக்கும் கோழிக்கூட்டு வலை இதற்கு உதவாது.

மரமும் மணல் மூட்டையும்: இவை ஒரு மழைக்காலத்து அவசரத்துக்கு மட்டுமே உரியன. மரத்தைக் கரையான் அரிக்கும். மூட்டையை வெயில் அரிக்கும். பனையை வெட்டி முட்டுக் கொடுப்பதைக் கைவிட வேண்டும். பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்துள்ளது.

ஒரு கணக்கு

20 அடி நீளமும், கீழ்த்தரைக்கு மேல் 4 அடி உயரமும் உள்ள கருங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். அடியில் இரண்டடிக் கனமும் உச்சியில் ஓரடிக் கனமும் இருக்க வேண்டும். மண்ணை நோக்கிய பக்கம் நேராகவும், வெளிப்பக்கம் மேலே செல்லச் செல்ல உள்நோக்கிச் சாய்ந்தும் அமைய வேண்டும். சுவரின் அளவு 120 கன அடி. கடைக்கால் இரண்டரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் ஆயின் 75 கன அடி. ஆக 195 கன அடி. இதற்குச் சக்கையுடன் கருங்கல் இரண்டேகால் யூனிட்டும், ஒன்றுக்கு ஆறு கலவையாயின் சிமெண்டு 10 மூட்டையும், எம்-சாண்ட் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓரடிக் கனத்துக்கு இடும் ஜல்லி 80 கன அடி. யூனிட் என்பது 100 கன அடி.

இதே கொல்லையில் ஈரடிப் படிச்சுவர் இரண்டு கலவையின்றி அடுக்குவதாயின், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒன்றரை அடியும் உச்சியில் ஓரடியும் கனம் வைத்து, ஓரடி ஆழக் கடைக்காலும் எடுத்தால், இரண்டுக்கும் சேர்த்து 160 கன அடிதான். சிமெண்டு ஒரு மூட்டையும் வேண்டா. இவ்விரு கணக்குகளையும் உங்கள் ஊர்க் கல் விலையாலும் கொத்தனார், சித்தாள் கூலியாலும் பெருக்கிப் பாருங்கள். கடைக்கால் தோண்டுவதும் ஜல்லி நிரப்புவதும் வீட்டாரே செய்யக்கூடிய வேலைகள். அந்தக் கூலியும் மிச்சமாகும்.

எதில் சிக்கனம் கூடாது?

முதலாவது, கடைக்கால். கெட்டியான மண் வரும்வரை தோண்ட வேண்டும். ஒன்றரை அடியிலும் களிமண்ணே இளகிக் கிடந்தால் மேலும் தோண்டுவதோடு, சுவரின் அடிக்கனத்தையும் அரையடி கூட்ட வேண்டும். புதிதாகக் கொட்டிய மண்ணின்மேல் கடைக்கால் வைப்பது விழுவதற்கென்றே கட்டுவதாகும்.

இரண்டாவது, நீர் வடியும் வழி. கலவை வைத்துக் கட்டிய சுவரில் கீழ்த்தரைக்கு அரையடி மேலே, நாலடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாய்த் துண்டுகளை வெளிநோக்கிச் சற்றே சாய்த்துப் பதிக்க வேண்டும். கொத்தனார்கள் இதனை ‘வீப் ஹோல்’ என்பர். நாலடிச் சுவராயின் இரண்டடி உயரத்தில் மற்றொரு வரிசையும் வேண்டும். துளைக்குப் பின்னால் பெருஜல்லி, அதற்குப் பின் சிறுஜல்லி, அதற்குப் பின் கிராவல் என்று இட்டால் மண் வந்து துளையை அடைக்காது. உடைந்த செங்கல்லையும் பழைய கான்கிரீட்டையும் இங்கே பயன்படுத்தலாம். சிக்கனத்துக்கு உரிய இடம் இதுவே. துளையில்லாவிட்டால், மேலே கணக்கிட்ட இரண்டடிக் கனமுள்ள கருங்கல் சுவரும் தேங்கிய நீரின் முன் நழுவக்கூடும்.

மூன்றாவது, பின்னால் இடும் மண். ஏரி வண்டல் வட்டாட்சியரின் அனுமதியோடு விவசாயிகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அது வயலுக்கு உரம். தடுப்புச் சுவருக்கோ நஞ்சு. வண்டலும் களியும் நீரை உறிஞ்சி உப்பி, சுவரைத் தள்ளும். சுவரை அடுத்து இடுவதற்குக் கிராவலே தக்கது. அதனையும் அரையடி அரையடியாகக் கொட்டித் திமிசு போட வேண்டும். மேற்பரப்பில் மட்டும் ஒரு சாண் கனத்துக்குக் களிமண்ணிட்டு, மழைநீர் உள்ளிறங்காமல் பக்கவாட்டில் ஓடச் செய்க. கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவருக்குப் பின்னால் விழலாகாது. உறிஞ்சுகுழியும் மலக்குழியும் சுவரிலிருந்து பத்தடிக்கு அப்பால் இருத்தல் வேண்டும்.

நான்காவது, காலம். கலவை வைத்துக் கட்டிய சுவரைப் பத்து நாளேனும் நனைத்து வர வேண்டும். அதற்கு முன் பின்புறத்தில் மண் நிரப்பலாகாது. எனவே புரட்டாசியில் அவசரமாகத் தொடங்காமல், சித்திரை வைகாசியிலேயே வேலையை முடித்துக்கொள்க.

சிக்கனம் செய்ய வேண்டியது வெளிப்பூச்சில், வண்ணத்தில், உயரத்தில். கனத்திலும் கடைக்காலிலும் துளையிலும் அன்று. ஐந்தடிக்கு மேற்பட்ட சுவராயினும், சுவருக்கு மேல் வீடோ பாதையோ இருந்தாலும், கொத்தனாரின் அனுபவம் மட்டும் போதாது. பொறியாளர் ஒருவரைக் கொண்டு கணக்கிட்டே கட்ட வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

கல்லையும் மண்ணையும் நடைச்சீட்டுடன் வரும் வண்டியிலிருந்தே வாங்கும்படி மக்களுக்கு எடுத்துரையுங்கள். ஏரிக்கரையில் பதித்த கல்லைப் பெயர்த்துக் கொல்லைச் சுவர் கட்டுபவர், தம் வீட்டைக் காக்க ஊரைப் பணயம் வைக்கிறார். வாய்க்கால் புறம்போக்கில் ஓரடி தள்ளிக் கட்டும் சுவரும் அத்தகையதே. அது வாய்க்காலைக் குறுக்குகிறது. குறுகிய வாய்க்காலில் விரையும் நீர் அச்சுவரின் கடைக்காலையே முதலில் அரிக்கிறது. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் கட்டிய பின் இடிப்பதைவிடக் கட்டுமுன் அளந்து காட்டுவது எளிது.

ஆண்டுதோறும் ஆவணியில் உறுப்பினர்கள் தத்தம் வார்டிலுள்ள தடுப்புச் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தல் வேண்டும். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால், சுவர் வெளிநோக்கிச் சாய்ந்திருப்பது ஒரு நொடியில் தெரியும். நடுவில் வயிறு போலப் பிதுங்கியிருத்தல், படிபடியாக ஓடும் வெடிப்பு, மழையில் துளைகள் வழியே நீர் வாராமல் சுவர் முழுதும் ஈரம் பூத்திருத்தல் ஆகியவை தீய அறிகுறிகள். அடைந்த துளையைக் கம்பியால் குத்தித் திறப்பதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. சாய்ந்த சுவருக்குப் பின்னாலுள்ள மண்ணை மழைக்கு முன் வெட்டி இறக்கிவிடுவதற்குக் கூலி மட்டுமே செலவாகும். அதற்கும் நேரமில்லையெனில், அச்சுவரின் கீழே எவரும் படுக்காமலும் மாடு கட்டாமலும் பார்த்துக்கொள்வதேனும் நம் கடமை. ஐயம் எழுந்தால் ஊராட்சி ஒன்றியப் பொறியாளரைக் கேளுங்கள். முன்பு எனக்கும் அவரைக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவற்றில் படித்துப் பெருமைப்படுகிறோம். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் ஒன்று இருந்தது என்பதையும் அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. கரையைச் சுற்றிப் பார்ப்பது அன்றைய உறுப்பினரின் பணி. கரையோடு கொல்லைச் சுவரையும் சுற்றிப் பார்ப்பதை இன்றைய உறுப்பினர்கள் தம் பணியாக ஏற்பார்களாக. ஐப்பசி மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இவ்வாண்டு அது வருமுன் உங்கள் ஊரில் ஒரு சுவரின் துளையையேனும் திறந்து வையுங்கள்.